பொலின் வீட்டு மீன்குழம்பில் மிதந்தது

1

பசிக்கிறது. சோறு உள்ளே போய் அரை மணி நேரம்தான் ஆகிறது, வயிறு கனமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பசிக்கிறது. இருபத்திரண்டு நாளாக ஒரு சொட்டு எண்ணெய் சேர்க்காமல் சாப்பிட்டுக்கொண்டு இந்தக் கதையை எழுதுகிறேன். உடம்புக்காக இல்லை. ஒரு பெண் பொய் சொன்னாளா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் சமைத்த மாதிரியே சமைத்துச் சாப்பிட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியவில்லை. மலச்சிக்கல் மட்டும் போயிருக்கிறது. (இதை எழுத வேண்டுமா? இருக்கட்டும். கதை சாப்பாட்டைப் பற்றியது.)

கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வாயிலிருந்து வந்தது. மூலக்குளத்தில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரெண்டு வரி பேசினேன். அதில் தனக்கொடி என்கிற சமையல்காரிக்கு ஒன்பது வருஷ வேலை போய்விட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கடற்கரைச் சாலையில் காலை வெயில் எண்ணெய்போல வழிந்து..." அடித்துவிட்டேன். வெயில் அப்படி வழியாது. எண்ணெய் சுமந்த வீட்டில் பிறந்தவன் இதை எழுதக்கூடாது.

அடுத்தது: "விதையிலிருந்து நாரையும் மற்ற சத்துகளையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் கொழுப்பே என்று ஒரு சாராரும், அதனை மறுத்து..." இது பரீட்சைத் தாள்.

மூன்றாவது: "பொலின் கெட்டவள் இல்லை."

இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

பொலின் கெட்டவள் இல்லை. அந்த மூலக்குளத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் ஷார்ல் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர்கள் வீடு கட்டும்போது வயரிங் செய்தவன் நான், ராஜவேல். என் கதைகளை ஷார்ல் படிப்பார், அதனால் மாதத்துக்கு ஒரு ஞாயிறு அங்கே எனக்குச் சாப்பாடு. போன வருஷம் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். லியோனில் இருக்கும் மகள் ஜாஸ்லின் வீடியோ வீடியோவாக அனுப்பினாள். எள் தின்னலாம், நல்லெண்ணெய் கூடாது. வேர்க்கடலை தின்னலாம், கடலெண்ணெய் கூடாது. தேங்காய் தின்னலாம், தேங்காயெண்ணெய் கூடாது.

"முழுசா இருக்கறத சாப்பிடணும், பிழிஞ்சத தொடக்கூடாது. அவ்ளோதான் ராஜவேல், இதுல என்ன கஷ்டம்?" என்றாள் பொலின்.

வீட்டிலிருந்த எண்ணெய் பாட்டில்களையெல்லாம், மகள் கொண்டுவந்த ஒலிவ் எண்ணெய் உட்பட, ஒரு பையில் போட்டுத் தனக்கொடியிடம் கொடுத்தாள். பொலினை மதாம் என்றும் ஷார்லை முசியே என்றும் கூப்பிடுகிற தனக்கொடி வாங்கிக்கொண்டு கேட்டாளாம்: "ஒங்களுக்கு வெஷம், எனக்கு மட்டும் ஒத்துக்குமா மதாம்?"

பொலின் சிரித்துவிட்டாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

3

(இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். மூன்று தடவை நான் நல்லவனாக வந்தேன். கிழித்துவிட்டேன்.)

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஷார்லுடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்திருக்கிறது. நான்கு மாதம் எண்ணெயே இல்லாமல் சாப்பிட்டும் கெட்ட கொழுப்பு இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது. இது எனக்குத் தெரியாது. பொலின் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பதும் தெரியாது.

வஞ்சிரக் குழம்பு. தேங்காய்ப்பால் விட்டு வைத்தது. மேலே செம்மஞ்சளாக ஒரு படலம் நின்றது. எங்கள் பக்கத்தில் குழம்பு சரியாகக் கொதித்து இறங்கியதற்கு அதுதான் அடையாளம். சமைத்தவளைப் பாராட்டுவதென்றால் அதைத்தான் சொல்வோம். வேறு விதமாகப் பாராட்ட எனக்குத் தெரியாது.

"தனக்கொடி, கொழம்புன்னா இதான். எண்ண எப்படிப் பிரிஞ்சி நிக்குது பாரு" என்றேன்.

பொலின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த எண்ண?"

"நான் ஊத்தல மதாம்" என்றாள் தனக்கொடி, சமையலறை வாசலில் நின்று. "தேங்காப்பால கொதிக்க உட்டா தானா மேல வரும்."

"தானா எப்படி வரும்? நான் குடுத்த பாட்டில்லாம் எங்க?"

"எங்க ஊட்ல. மூணு காலி, ஒண்ணு இருக்கு. வந்து பாருங்க."

"ரிப்போர்ட் ஏறிக் கெடக்குது தனக்கொடி. இவரு நெஞ்சி ஒனக்கு வெளாட்டா?"

ஷார்ல், "விடு பொலின். ருசியாத்தான இருக்கு" என்றார்.

"அதான் சொல்றேன். நாலு மாசமா எண்ண இல்லாம எப்படி ருசியா இருக்கும்?"

இந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். தேங்காய்ப்பாலில் எண்ணெய் பிரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் ஊற்றவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த யோசனையில் நான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.* "நாளையிலேந்து நீ வர வேணாம்" என்றாள் பொலின். தனக்கொடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

* இரண்டாவது தடவையும் குழம்பு ஊற்றிக்கொண்டேன். நன்றாக இருந்தது.

4

எண்ணெய் எனக்கு முதலில் எடையாகத்தான் தெரியும். அப்பா பெரிய மார்க்கெட்டில் டின் தூக்கினார். ஒரு டின் பதினைந்து கிலோ, ஒரு நடைக்கு நான்கு. ஒழுகும் டின்னிலிருந்து சும்மாட்டுத் துணியில் எண்ணெய் ஊறும். அம்மா அதைப் பிழிந்து விளக்குக்கு வைத்துக்கொள்வாள். சட்டியில் ஊற்றினாள் என்று எழுதினால் கதை கனமாகும். ஊற்றவில்லை.*

* ஒரு தடவை ஊற்றினாள். மழைக்காலம்.

எங்கள் வீட்டில் எண்ணெய் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இல்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் மகள் அனுப்பிய வீடியோக்களைப் பொலின் காட்டியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தனக்கொடிக்கு வேலை போன பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு இரண்டரை கிலோ வேர்க்கடலைப் பருப்பு வேண்டும். இரண்டரை கிலோ பருப்பை ஒரு மனிதன் மென்று தின்ன எத்தனை நாள் ஆகும்? எண்ணெயாக்கினால் ஒரு வாரத்தில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. ஒரு மேசைக்கரண்டியில் நூற்றிருபது கலோரி, நார் கிடையாது. டின் தூக்குகிற உடம்புக்கு அது சரி. டிவி பார்க்கிற உடம்புக்கு? ஜாஸ்லின் சொல்வது சரிதான் போல.

அடுத்த நாள் ஓர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற அம்மாவிடம் போய்க் கேட்டேன். "கீரையில இருக்கற சத்து ஒடம்புல சேரணும்னா கொஞ்சம் கொழுப்பு வேணும் சார். கொஞ்சமா கடலெண்ண ஊத்துனா குடி முழுகிடாது. எந்தக் கொழுப்பு, எவ்ளோன்னு பாருங்க. ஆனா தேங்காப்பால்ல இருக்கறது ரத்தத்துல கெட்ட கொழுப்ப ஏத்தும். தெனமும் விடறாங்களா?"

தினமும்தான் விட்டாள். எண்ணெய் கூடாது என்றதால், ருசிக்கு ஒரு தேங்காய் முழுக்கப் பிழிந்து விட்டாள். பொலின் அதைத் தடுக்கவில்லை, தேங்காய் முழுப் பொருள் ஆயிற்றே. பிழிந்த சக்கை குப்பைக்குப் போனது யார் கண்ணிலும் படவில்லை.

அப்படியென்றால் தனக்கொடி எண்ணெய் ஊற்றாததுதான் தப்பா? ஊற்றியிருந்தால் ரிப்போர்ட் இறங்கியிருக்குமா? அல்லது ஷார்ல் பேக்கரிப் பக்கம் போய் வருகிறாரா? எனக்குக் குழம்புகிறது. குழம்பாத எழுத்தாளர் யாராவது இந்தக் கதையை எடுத்துக்கொள்ளலாம்.

5

நானே செய்து பார்த்தேன். ஒரு தேங்காய், கெட்டிப்பால், சின்னத் தீ. முதல் நாள் எண்ணெய் பிரிந்தது, அதே செம்மஞ்சள். அப்பாடா என்று இருந்தது. அடுத்த வாரம் வேறு தேங்காய், பிரியவே இல்லை. மூன்றாவது தடவை பிரிந்தது, ஆனால் பொலின் வீட்டில் பார்த்த அளவு இல்லை. அன்றைக்கு எவ்வளவு இருந்தது என்பதும் இப்போது சரியாக நினைவில்லை. எழுத எழுத அந்தக் குழம்பில் எண்ணெய் கூடிக்கொண்டே போகிறது.

தனக்கொடியின் வீடு இருக்கும் குருசுக்குப்பம் போனேன். தனக்கொடி மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடை தூக்க முட்டி தாங்காது என்றுதான் ஒன்பது வருஷம் முன்பு சமையல் வேலைக்குப் போனாள்.

"கத எழுதுறியாமே அண்ணே. அதுல நான் ஊத்துனனா, ஊத்தலயா?"

"தெரியல தனக்கொடி."

"தெரியாதவன் அன்னிக்கி ஏன் தெரிஞ்சாப்ல பேசுன?"

"நல்லாருக்குன்னுதான் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா அது? நம்ம ஆளுங்க அப்படித்தான் சொல்வோம். மதாமுக்குத் தெரியுமா?" முட்டியை நீவினாள். "புதுசா ஒருத்தி வந்திருக்காளாம். எல்லாத்தயும் அவிச்சி வெக்கிறாளாம். முசியே பாதிச் சோத்துல எழுந்துடறாராம்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"நான் ஊத்தலன்னு சொல்லாத. நீ பாத்தியா? இல்ல. மூலக்குளம் பஸ் ஏறிப் போயி, மதாம் எதிர்ல நின்னு, 'அது எங்கேந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாது, தெரியாமதான் சொன்னேன்'னு சொல்லு. போதும். அப்புறம் கூப்புடறதும் கூப்புடாததும் அவுங்க இஷ்டம்."

சரி என்றேன்.

6

முடிவு ஒன்று: நான் போய்ச் சொல்கிறேன், பொலின் அழுகிறாள், தனக்கொடி திரும்ப வருகிறாள், ஷார்ல் வயிறார... (முடியவில்லை. எண்ணெய் இல்லாத தோசை மாதிரி கல்லிலேயே ஒட்டிக்கொள்கிறது.)

முடிவு இரண்டு: தனக்கொடி ஒத்துக்கொள்கிறாள். முசியே சாப்பிடாமல் இளைத்துப்போனதைப் பார்க்கப் பொறுக்காமல் தினம் ஒரு கரண்டி ஊற்றினாள். இது உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடித்திருந்தது. ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது மனசு லேசானது. ஏன் லேசானது என்று யோசித்ததும் நிறுத்திவிட்டேன். அவள் ஊற்றினாள் என்று ஆனால் நான் சொன்னது உண்மையாகிவிடுகிறது.

முடிவு மூன்று: மூலக்குளம் போகாததற்குக் காரணம் எண்ணெய் பற்றிய குழப்பம் இல்லை. பொலின் மாடியில் இரண்டு அறை கட்டப்போகிறாள். வயரிங் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். போய் அவள் முகத்துக்கு எதிரே, நீ ஆளை அனுப்பியது தப்பாக இருக்கலாம் என்று சொன்னால், அந்த வேலை இன்னொருவனுக்குப் போகும். இது முடிவு இல்லை, காரணம். அடிக்கலாமா என்று யோசித்து விட்டுவைத்திருக்கிறேன்.

எண்ணெய் உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்று இந்தக் கதை சொல்லாது. கேட்டவர்களில் பாதிப் பேர் ஒன்று சொன்னார்கள், மீதிப் பேர் வேறு சொன்னார்கள், இரண்டு பக்கமும் எனக்குச் சரியாகப் பட்டது. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஊற்றினாள் என்று போடுங்கள், ஊற்றவில்லை என்று போடுங்கள். அதனால் தனக்கொடியின் கூடை ஒரு கிலோ குறையாது.

அவளுக்கு நான் தர வேண்டியது கதை இல்லை. பொலின் எதிரே நின்று 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை. அது இன்னும் பாக்கி.