மூன்றாவது பெயருக்கு இடம்

1

இந்தக் கதை ஒரு எண்ணிலிருந்து கிடைத்தது: நூற்றுப் பன்னிரண்டு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பிளொப்பித் தட்டு ஒன்று அத்தனை கோப்புகளைத்தான் ஏற்கும். முக்கால்வாசி இடம் வெறுமையாகக் கிடந்தாலும் அடுத்ததைத் தள்ளிவிடும். என் அப்பன் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இடமிருந்தும் சாமான் ஏற்றாத வத்தைப் படகுக்காரரை அவர் திட்டக் கேட்டிருக்கிறேன். ஆகையால் விஷயம் எனக்குப் பிடிபட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் அன்று அமைதியாக

வெட்டிவிட்டேன். அன்று கடலை யாரும் பார்க்கவில்லை.

2

1986. உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு நிவாரண அலுவலகம். யோகமலர் அங்கே தட்டச்சுக்காரி. காணாமற்போனவர்களின் விபரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. ஆளுக்கொரு கோப்பு. ஒரே பட்டியலாக அடிக்கத்தான் முதலில் பார்த்தாள். மகனைத் தேடிவந்த நல்லம்மா விடவில்லை.

"செத்த ஆக்களைத்தான் பிள்ளை வரிசையா எழுதி ஒட்டுறவை. என்ட பொடியனைத் தனிய வை."

பிறகு வந்தவர்களும் அதையே கேட்டார்கள். ஹாட் டிஸ்க் நிரம்பிவிட்டது. கிண்ணியாவில் ரேடியோ திருத்தும் ஜெமீல் வந்து பார்த்தார்.

"நாலு வரிக்கு எட்டாயிரம் எழுத்துக்கு இடம் பிடிக்கிது தங்கச்சி. மூட்டைக்கொரு வத்தை. இப்பிடிக் குடுத்தா எந்தத் துறைமுகத்தில இடம் காணும்?"

"அப்ப என்ன செய்யிறது, ஜெமீல் நானா?"

"கம்ப்யூட்டரை ஓட்டுற புது டொஸ் கொண்டந்திருக்கன். அதில கோப்பு வைக்கிற முறை வேற. ரெண்டாயிரத்தோட முடியும். ஆனா டிஸ்கை முழுக்க அழிச்சுத்தான் போடலாம்."

3

அழிக்குமுன் கோப்புகளை எடுத்துவைக்க அலுவலகத்தில் பத்துப் பிளொப்பிகள் இருந்தன. இன்னொன்று வாங்கக் கொழும்புக்குப் போகவேண்டும். மறுநாள் வியாழன், ஒரு விசாரணைக் குழு இராணுவ முகாமுக்குள் போகிறது. கோப்பு உள்ளவர்களைப் பற்றி மட்டுமே அது விசாரிக்கும்.

ஆயிரத்து நூற்று இருபது கோப்புகள் பிரதியாகின. மூன்று மிஞ்சின.*

"இடம் கிடக்கு, ஏறுதில்ல," என்றார் ஜெமீல். "ஆர் அந்த மூணு பேர்?"

கடைசியாகப் பதியப்பட்டவர்கள். குஞ்சித்தம்பி, சம்பூர். அஸீம், மூதூர். (            ), பாலையூற்று.

முதல் இருவரின் விபரத்தையும் யோகமலர் துண்டுத்தாளில் எழுதினாள்.

"மூணாவது?"

"அது எனக்கு மனப்பாடம்."

ஜெமீல் திருப்புளியைக் கீழே வைத்தார். "உங்கட வீடும் பாலையூத்துத்தானே."

"ஓம். தம்பி. வேலைக்குப் போனவன் வரேல்ல. ஆமி பிடிச்சதை ஒருத்தரும் காணேல்ல."

"எப்ப?"

"எட்டு மாசம். போன கிழமைதான் கோப்புப் போட்டனான்." தாளை நான்காக மடித்தாள். "முகாமில இருந்தா, பேர் போட்டாத்தான் கேப்பினம். எங்கயும் ஒளிச்சிருந்தா, தேடச் சொல்லி நானே பேர் குடுத்த மாதிரி."

எல்லாம் அழிந்துவிடும், தொடரவா என்று திரை கேட்டது.

"நீங்களே அமத்துங்க," என்றார் ஜெமீல்.

அமத்தினாள்.

(இந்த இடத்தில் மின்சாரத்தை நிறுத்தலாமா என்று யோசித்தேன். மலிவான வேலை. நிற்கவில்லை.)

* பிளொப்பிக்குள் கோப்புகளை வைக்க ஓர் உட்பிரிவை உருவாக்கியிருந்தால் மூன்றும் ஏறியிருக்கும். ஜெமீலுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஆனால் 'மூணாவது?' என்று அவளிடம் ஒருவரும் கேட்டிராத கேள்வி கேட்கப்படாமலே போயிருக்கும்.

4

பின்னேரத்துக்குள் எல்லாம் திரும்ப ஏறியது. துண்டுத்தாளில் இருந்த இருவரையும் அவள் அடித்து முடித்தாள். ஆயிரத்து நூற்று இருபத்திரண்டு. கிண்ணியாவுக்குக் கடைசிப் படகைப் பிடிக்க ஜெமீல் எழும்பினார்.

"இப்ப இடம் கனக்கக் கிடக்கு தங்கச்சி," என்றார்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் அடிக்கிறாள். வெள்ளிக்கிழமை விடிய, பாலையூற்று வீட்டு வாசலில் ஜீப் ஒன்று

அவள் அடிக்கவில்லை. முகாமில் பெயர்களை வாசித்து முடிக்கிறார்கள். பின்வரிசையில் ஒருவன் தன்னுடையது வரும் என்று நின்றுகொண்டே

இரண்டும் நடந்த வீடுகளை எனக்குத் தெரியும். அதனால் ஒன்றைத் தெரிவுசெய்ய என்னால் ஏலாது. மூன்றாம் பகுதியில் அந்தப் பெயரை நான் எழுதாமல் விட்டதும் அதனால்தான். மறதி என்று நினைக்கவேண்டாம். எழுதினால் பதிந்தவன் நானாகிவிடுவேன்.

யோகமலர் கதிரையில் இருக்கிறாள். கோப்புக்குப் பெயர் கேட்டுத் திரையில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருக்கிறது. விடிந்தால் வியாழன்.

அடைப்புக்குறிக்குள் இடம் விட்டிருக்கிறேன். பேனா உங்களிடம் இருக்கும்.