இருபத்தைந்தாம் வரி

'பேசிக்' என்ற பழைய கணினி மொழியில் ப்ரோகிராம் எழுதிப் பழகியவர்கள் வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்றுதான் எண் போடுவார்கள். மறந்ததைப் பிறகு நடுவில் செருகிக்கொள்ளலாமே! அப்படிப் பழகியவள் ஒருத்தி. அந்தக் காலம் மலையேறியும் பழக்கம் போகாததால், ஆபீசில் அவளுக்குப் 'பத்தக்கா' என்றே பெயர்.

லிஃப்ட் ப்ரோகிராமிலும் கதவு மூடியதா என்று பார்க்கும் வரியைப் பிறகு செருகலாமென்று விட்டவள், அடியோடு மறந்துபோனாள். லிஃப்ட் கதவு திறந்தபடியே கிளம்பி ஒரு பெரியவரின் கால் முறிந்தது. பழியெல்லாம் அந்த ப்ரோகிராமைச் சோதித்த பெண்ணின் தலையில் விழுந்தது.

விசாரணை அறிக்கையைப் பத்தக்காதான் எழுதினாள்.

"20. கதவு திறந்திருந்தது. 30. சோதித்தவர் கவனிக்கவில்லை."

இரண்டும் பொய்யில்லை.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அறிக்கைக்குக்கூட பத்து பத்தாவாக்கா? நடுவுல எதைச் செருகப் போறீங்க?"

"ஏதாவது விட்டுப்போயிருந்தா..."

"நீங்களாவது, விடுறதாவது! நான்தான் கண்ணை எங்கேயோ வச்சிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையைக் காலிசெய்யப் போனாள்.

பத்தக்காவின் விரல் 25 என்று அடித்தது. பிறகு அதை அழித்தது.

அப்புறம் செருகிக்கொள்ளலாம் என்று அறிக்கையை அனுப்பிவிட்டாள்.