நாகலூர்க் கல்லின் வயது

பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கை, உடலைச் சுமந்துபோகும் பெட்டியை, கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவிட்டு அஃப்சல் நிமிர்ந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தங்கை தஸ்லீமா.

"எங்க இருக்க?"

"குப்பனூர் பக்கத்துலயே நிக்கிறோம்ண்ணா. மேல திருப்பத்துல லாரி ஒண்ணு சிக்கிக்கிச்சாம். ஒரு வண்டியும் நகரல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் அத்தா முகத்தப் பாக்காம எடுத்துறாதீங்க."

"நீ வா" என்று மட்டும் சொன்னான்.

முந்தின நாள் மழையில் பெரிய மலைப்பாதையில் பாறை உருண்டுவிட்டதால் எல்லா வண்டிகளையும் குப்பனூர் வழியாக விட்டிருந்தார்கள். விடியற்காலையில் சேலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோன அவர்கள் தகப்பனார் அமீர் ஜானை ஏற்றிய ஆம்புலன்சும் அந்த வழியாகத்தான் ஏற்காடு வந்து சேர்ந்தது. இப்போது குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, சந்தூக்கில் முகம் மட்டும் தெரியக் கிடத்தியிருந்தார்கள்.

அத்தாவின் அண்ணன், பெரியத்தா, வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"மத்தியானம் லுஹரோட தொழுதுட்டு எடுத்துரலாம் சாமி. பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் கேக்கறாரு. மழை புடிச்சு கபுருக் குழிக்குள்ள தண்ணி எறங்கிருச்சுன்னா என்ன பண்ணுவ?"

"தஸ்லீமா வரட்டுங்க பெரியத்தா. சாயங்காலம் அஸருக்கு எடுத்துக்கலாம்."

"மூணு நாளா ஆஸ்பத்திரில கெடந்தான். அப்ப எட்டிப் பாக்காதவ, இப்ப வந்து என்ன பண்ணப் போறா?"

உள்ளே பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. அந்த இடத்தில் அஃப்சல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், நாற்காலி போதுமா என்று பார்ப்பவன்போல வெளியே போனான்.

காலையில் சொன்ன இறப்புச் செய்தியைத் தவிர தஸ்லீமாவுக்கு எதுவுமே தெரியாது. மாரடைப்பு வந்த அன்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே அத்தா அவன் கையைப் பிடித்துச் சொன்னார்: "பாப்பாவுக்குச் சொல்லாத. ரெண்டு நாளைக்குத்தான் அந்த மிஷினு அவளுக்குக் கெடைக்கும். விட்டா அடுத்த வருஷந்தான்." வீட்டிலிருந்த அம்மா ஷஹீதாவிடமும் போனில் அப்படியே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மிஷின் பெங்களூரில் இருந்தது. சேர்வராயன் மலையின் பாறைகள் எப்போது உண்டானவை என்பதுதான் தஸ்லீமாவின் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தா அவளை ஆம்னி வண்டியில் ஏற்றிக்கொண்டு நாகலூர்ப் பக்கம் ரோட்டுக்காக வெட்டிய பாறைகளைத் தேடிப் போவார். சுத்தியலால் உடைத்துச் சாக்கில் கட்டித் திரும்புவார்கள். டூரிஸ்ட் கூட்டம் நெரிகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு காப்பித்தூள் கடையை அஃப்சல் ஒருவனே பார்ப்பான். மறுநாள் அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "ஒரு மூட்டைக் கல்ல மாவாக்குனா, சர்க்கரையவிடச் சின்னதா நாலஞ்சு மணி கெடைக்குமுங்க. சிர்கான்னு பேரு. அதுக்குள்ள இருக்கற யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமா மாறிக்கிட்டே இருக்கும். எவ்வளவு மாறியிருக்குன்னு பாத்து வயசச் சொல்லிருவா எம்பொண்ணு." அஃப்சல் காப்பிக்கொட்டையை அரவையில் கொட்டிச் சத்தத்தைக் கூட்டுவான்.

நேற்றுச் சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. வெங்காயத்தை வெட்டிவைத்ததுபோல அடுக்கடுக்காக ஒரு மணி. கீழே எழுதியிருந்தாள்: 'அண்ணா, அத்தா போன் ஆஃப்ல இருக்கு. இதக் காட்டுங்க. நாகலூர்க் கல். வெளி அடுக்கு இருநூத்தம்பது கோடி வருஷம், இந்த மலையோட வயசு. உள்ள இருக்கறது முந்நூறு கோடிக்கும் மேல! இந்த மலைக்கு முன்னாடியே ஒரு தரை இருந்திருக்கு. அது உருகிப் போயிருச்சு. இந்த மணி மட்டும் உருகாம உள்ள நின்னுருக்கு.'

நர்ஸிடம் கெஞ்சி உள்ளே போய்க் காட்டினான். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் அத்தாவின் உதடு விரிந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் கண்ணைத் திருப்பிக் கேட்டார்.

"தஸ்லீமா வந்துட்டாளா?"

"வந்துட்டிருக்கா அத்தா."

வெளியே வந்து அவளைக் கூப்பிடப் போனை எடுத்தான். ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. மூன்று நாளாக அத்தா அவன் கையால்தான் தண்ணீர் குடித்தார். அவன் பெயரைத்தான் கூப்பிட்டார். 'அத்தா பாத்துட்டாரு' என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

லுஹர் பாங்கு கேட்டு அடங்கியது. பெரியத்தா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. அஸருக்குக் கொஞ்ச நேரமே இருந்தபோது வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

தஸ்லீமா செருப்பை எங்கே விட்டாள் என்று தெரியவில்லை. வெறுங்காலோடு ஓடி வந்தாள். சந்தூக்கின் பக்கத்தில் மண்டியிட்டாள். அழக்கூட இல்லை. பின்னாலிருந்து மாமி ஒருத்தி சொன்னாள்:

"மூணு நாளா மூச்சுக்குத் தவிச்சாரே மனுசன். கல்லு அவ்வளவு பெருசாப் போச்சா கண்ணு உனக்கு?"

தஸ்லீமா மெதுவாகத் திரும்பினாள். "மூணு நாளா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தஸ்லீமாவின் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து அஃப்சலிடம் வந்து நின்றது.

"அவளுக்குத் தெரியாதுங்க மாமி" என்றான் அஃப்சல். "நாந்தான் சொல்லல. யாரும் அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

பெரியத்தா தாடியைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டார். தஸ்லீமா எழுந்து பின்கட்டுக்கு நடந்தாள். அவன் பின்னால் போனான்.

"அத்தா பாத்துட்டாருன்னு அனுப்புனீங்களே?"

"பாத்தாரு. ஆஸ்பத்திரில வச்சுத்தான் பாத்தாரு. நொம்ப நேரம் பாத்தாரு."

"எனக்கு ஏண்ணா சொல்லல?"

"அத்தாதான் சொல்லக் கூடாதுன்னாரு. மிஷினு போயிருமாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் தலை லேசாக ஆடியது, அத்தா அப்படிச் சொல்லக்கூடியவர்தான் என்பதுபோல. கண் நிரம்பி வழிந்தது. பிறகு கேட்டாள்:

"கடைசில என்னயக் கேட்டாரா?"

கூடத்திலிருந்து, "அஃப்சல், நேரமாச்சு சாமி" என்று பெரியத்தா குரல் கொடுத்தார். இல்லை என்று சொன்னால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"கேட்டாரு" என்றான். "அந்தப் படத்தப் பாத்துட்டு, வந்துட்டாளான்னு கேட்டாரு. வந்துட்டிருக்கான்னு பொய் சொன்னேன்."

"அப்பவே கூப்புட்டிருந்தா ராத்திரிக்குள்ள வந்திருப்பேன்."

"ஆமா."

"ஏன் கூப்புடல?"

காரணம் அவனுக்குத் தெரியும். அவளும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூடத்தில் பெண்களின் அழுகை உயர்ந்தது. தஸ்லீமா அவனைத் தாண்டி உள்ளே போய், அத்தாவின் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். பெரியத்தா முகத்தை மூடக் குனிந்தபோதுதான் எழுந்தாள்.

சந்தூக்கின் முன்பக்கம் அஃப்சலின் தோளில் இருந்தது. வீதி திரும்பும்வரை அவன் பின்னால் பார்க்கவில்லை.

கபுரில் பாதி ஆழத்துக்குக் கீழே பாறை என்பதால் கடப்பாறை போட்டுத்தான் தோண்டியிருந்தார்கள். எல்லோரும் கைப்பிடி மண் போட்டு ஒதுங்கிய பிறகும் அஃப்சல் மண்வெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. மழை வந்தது. ஈரமண்ணைக் கையாலேயே அள்ளி மேட்டைச் சரிசெய்தான். பெரியத்தாதான் தோளைத் தொட்டு எழுப்பி நடத்திவந்தார்.

வீட்டுக்குள் நுழையாமல் பின்கட்டுக் குழாயடிக்குப் போனான். குழாயில் தண்ணீர் வரவில்லை. இரண்டு கையையும் ஏந்தினாற்போல அப்படியே நின்றான்.

தஸ்லீமா வாளியோடு வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சொம்பில் மொண்டு அவன் கையில் ஊற்றினாள். செம்மண் விரல் சந்துகளில் கரைந்து மணிக்கட்டு வழியாக ஓடியது. மறுபடி மொண்டாள். நகத்திலிருந்த மண்ணும் போய், வெறும் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனும் கையை எடுக்கவில்லை.