திகதியை மட்டும் மாற்றினால் போதும்

…இதுவும் இல்லை, மறுபடியும் அதே சிவப்புப் பெருக்கல் குறி, அதே ‘டங்’, இந்த மென்பொருளை இந்தக் கணினியில் நிறுவ முடியாது என்று ஆங்கிலத்தில் மரியாதையாக ஒரு வரி, மரியாதையாகச் சொல்லிவிட்டால் ஆயிற்றா, காலையிலிருந்து எத்தனை மரியாதையைத்தான் ஒருத்தி வாங்கிக் கட்டிக்கொள்வது… பிரியந்தி மவுஸைத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தாள். ஹட்டன் பஸ் நிலையம் மழையில் பாதி மறைந்திருந்தது. போன கிழமை இதே மாதிரி ஒரு மழையில்தான் இடி விழுந்து கடையின் பழைய கணினி புகைந்து போனது, உள்ளே இருந்த டிஸ்க் மட்டும் எப்படியோ பிழைத்தது, முதலாளி ஹமீத் நானா கண்டிக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தார், பளபளவென்று, எல்லாம் இன்றைய காலத்துச் சரக்கு, அதனால்தானோ என்னவோ இத்தனை வருஷம் இந்த அச்சகத்துக்குச் சோறு போட்ட பழைய வடிவமைப்பு மென்பொருளைக் கண்டாலே அதற்கு ஆகவில்லை. அந்த மென்பொருளில்தான் அவள் கல்யாணக் கார்டு, பெண்பிள்ளை பெரியவளானால் அடிக்கிற சாமத்தியக் கார்டு, மரண அறிவித்தல் எல்லாம் செய்து கை தேய்ந்தாள். இப்போது கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது, வருகிறேன் என்று இன்று மாலைக்குள் ஈமெயில் போட வேண்டும், போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நானாவிடம் சண்டைக்குத் தயாராகத்தான் போய் நின்றாள், அவரோ தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, “நல்லம் புள்ள, நான் ஒண்டும் மறிக்க மாட்டேன், இத மட்டும் புது மெஷின்ல ஓடவச்சித் தந்துட்டுப் போங்க” என்றார். இத மட்டும். கேட்டபோது அந்த ‘மட்டும்’ எவ்வளவு சின்னதாக இருந்தது.

வேறு மென்பொருளில் செய்துவிட்டுப் போயேன் என்று யாராவது கேட்கலாம், கேட்பவர்கள் தோட்டத்துத் திருவிழா நோட்டீஸ் அடித்திருக்க மாட்டார்கள். அதோ, வாங்கில் உட்கார்ந்து பிளேன்டியை ஊதி ஊதிக் குடிக்கிறாரே கணேசமூர்த்தி அண்ணன், வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோயில் கமிட்டிச் செயலாளர், குடையை மடக்குவதற்கு முன்பே அவர் சொன்னது, “போன வருசத்து நோட்டீஸ் அப்படியே இருக்கட்டும் தங்கச்சி, திகதிய மட்டும் மாத்துங்க, ஒரு புள்ளிகூட அசையக் கூடாது.” எந்தத் தோட்டத்திலிருந்து யார் வந்தாலும் இதே பாட்டுத்தான். ஏனென்றால் அது நோட்டீஸே இல்லை, தோட்டத்தின் இரு பகுதிகளான மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தம், எந்தத் தலைவரின் பெயர் எவ்வளவு உயரத்தில், எவர் எவருக்குப் பக்கத்தில், யாருக்குத் தடித்த எழுத்து… ஒரு வருஷம் அழகாக இருக்கட்டுமே என்று ஓரத்தில் ஒரு பூக்கொடியை ஓடவிட்டாள், மேல் டிவிசன் தலைவர் வீரய்யாவின் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது, கீழ் டிவிசன் ஆளின் பெயர் ஏறிவிட்டது, அவ்வளவுதான், தேரை மேல் லயத்து வீட்டு வரிசைச் சந்தியிலேயே மறித்துவிட்டார்கள், அம்மன் மழையில் நனைந்துகொண்டு நிற்க, இவள் நோட்டீஸைத் திருத்தி அடித்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பிறகுதான் சக்கரம் உருண்டது. புது மென்பொருளில் அந்தப் பழைய கோப்பைத் திறந்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததெல்லாம் கலைந்து, அம்மா என்றிருந்த இடத்தில் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி என்று பல்லிளிக்கிறது, அதைச் சரிசெய்தாலும் வரி நகரும், வரி நகர்ந்தால் வீரய்யா நகர்வார், வீரய்யா நகர்ந்தால் தேர் நகராது. பூக்கொடியை அன்றைக்கே அழித்துவிட்டாள்.

நல்ல கொடிதான் அது, கறிவேப்பிலை இலை மாதிரி சின்னச் சின்ன இலை… கொழும்பில் அப்படிப்பட்டதைக் கேட்டு வாங்குவார்களாம், புதிதாக என்ன யோசித்தாய் என்றுதான் முதலில் கேட்பார்களாம், புதிதாக நான் என்ன யோசித்தேன்? மை வாசனையும் ஈரக் குடை வாசனையும் சேர்ந்த இந்த அறை, முதுகுக்குப் பின்னால் தடதடக்கும் மெஷின், முன்னால் இந்தத் திரை, எழுந்து இரண்டடி வைத்தால் சுவர். ஒன்பது வருஷமாகத் திகதியை மட்டும் மாற்றியிருக்கிறேன். அம்மாவாவது அழுது தடுப்பாள் என்று பார்த்தாள், அம்மா நாகலெட்சுமியோ கொழுந்துக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் தலையில் மழைக்குப் போடும் கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டு, “போறதுன்னா போ, நான் என்ன வேணாம்னா சொல்றேன், எனக்குக் கை காலு நல்லாத்தானே இருக்கு” என்றாள், அதைக் கேட்டு ஏன் அப்படிக் கோபம் வந்தது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம்? எல்லாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், குறுக்கே படுத்திருப்பது இந்த ஒரு சனியன்தான். சரி, நிறுவத்தானே மாட்டேன் என்கிறாய், பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே அள்ளிக் கொண்டுவந்து போட்டால்? போட்டாள். பழைய இயங்குதளம் போல நடி என்று ஒரு தெரிவு உண்டு, நடிக்கவும் வைத்தாள். முதல் தடவையாக, மென்பொருள் திறக்கும்போது வரும் அந்த நீலப் படம் எட்டிப் பார்த்தது, பிறகு உரிமம் காலாவதியாகிவிட்டது, இணையத்தில் புதுப்பிக்கவும் என்றது, பழைய கணினியில் புதுப்பித்து வைத்திருந்தது இதில் செல்லாதாம், புதுப்பித்துக் கொடுக்கும் இடத்தைத்தான் எப்போதோ மூடிவிட்டார்களே… காலாவதி. எந்தக் காலம்? மணி பார்க்கிற மூலையைத் தவிர இதற்குக் காலம் எப்படித் தெரியும்? திகதியை மாற்றிவிட்டால்? சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருஷம் பின்னால் தள்ளினாள், அந்த வருஷம் நான் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகப் போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

திறந்தது. நீலப் படம் வந்து, போய், சாம்பல் நிறப் பலகை விரிந்து, இடது ஓரத்தில் அந்தப் பழைய கருவிகள் ஒன்று விடாமல் அதே இடத்தில், நோட்டீஸைத் திறந்தாள், அம்மன் வந்தாள், வேல் வந்தது, வீரய்யா தன் உயரத்தில் கம்பீரமாக நின்றார், பிரியந்தி தன்னை மறந்து கைதட்டினாள், “நானா! ஓடுது! ஓடுது நானா!” என்று கத்தியும் விட்டாள், கணேசமூர்த்தி அண்ணன் பிளேன்டியைக் காற்சட்டையில் சிந்திக்கொண்டு எழுந்தார். ஹமீத் நானா மெஷினை நிறுத்திவிட்டு மை அப்பிய கையோடு ஓடி வந்து திரையைப் பார்த்தார், “அல்ஹம்துலில்லாஹ்! எப்பிடிப் புள்ள?” சொன்னாள், உற்சாகமாகத்தான் சொன்னாள், காலையில் வந்ததும் திகதியைப் பின்னால் தள்ள வேண்டும், அச்சுக்கு அனுப்ப முன் இப்படி மாற்றிச் சேமிக்க வேண்டும், ஈமெயில் வந்தால் இதை மூடிவிட்டுத் திகதியை முன்னால் கொண்டுவர வேண்டும், திறந்து வைத்தபடி முன்னால் கொண்டுவந்தால் செய்த வேலையோடு செத்துப் போகும், தப்பித் தவறி… அவர் தலையாட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் ஆட்டுவதை நிறுத்திவிட்டார். “இதெல்லாம் எனக்கு வெளங்காது புள்ள, நீங்க இருக்கிறதால சரி” என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று தனக்கே உறைத்தது போல் அவளைப் பார்த்து, “போகாதீங்க எண்டு சொல்லல்ல” என்றார். சொல்லவில்லைதான். ஓடவைத்துவிட்டுப் போ என்றார், ஓடவைத்தாயிற்று, ஆனால் அவள் எழுந்து போன மறுநாள் காலை இது ஓடாது, அப்படியொரு வேலையை இவ்வளவு கெட்டித்தனமாகச் செய்து முடித்தது யார்? ஓடவில்லை நானா, ஆகாது, வேறு வழி பாருங்கள் என்று மத்தியானமே சொல்லியிருக்கலாம், அவர் வேறு ஆளைப் பார்த்திருப்பார், வீரய்யாவோடு அந்த ஆள் மல்லுக்கட்டியிருப்பான். கைதட்டினேனே, எதற்குக் கைதட்டினேன்? நானா மெஷினுக்குத் திரும்பிப் போனார்.

சரி, ஈமெயிலைப் போட்டுவிடுவோம், முதலில் அது. திறந்தாள், திறக்கவில்லை, உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று ஒரு வெள்ளைப் பக்கம், எத்தனை தரம் தட்டினாலும் அதே பக்கம், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய ஒருத்தியின் கடிதத்தை இணையம் வாங்காதாம். திகதியைச் சரிசெய்தால் அனுப்பலாம், அதற்கு நோட்டீஸை மூட வேண்டும், மூடினால் மறுபடி திறக்குமா, திறக்கும், திறக்காவிட்டால்? அண்ணன் மழையில் வந்து உட்கார்ந்திருக்கிறார், கொடியேற்றத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, முதலில் இவருடையதை முடிப்போம், பிறகு மூடுவோம், பிறகு அனுப்புவோம், இருட்டத் தொடங்கிவிட்டது, மாலை என்றால் எதுவரை மாலை… நான் என்ன செய்ய, மெஷின் விடவில்லையே, அப்படித்தானே எழுத வேண்டும், தொழில்நுட்பக் கோளாறு காரணமாக… திருவிழாத் திகதியை மாற்றினாள். பெயர்கள் அசையவில்லை. கணேசமூர்த்தி அண்ணன் பக்கத்தில் வந்து நின்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். “ஒரு சின்ன விசயம் தங்கச்சி, கீழ் டிவிசன்ல புதுசா ஒருத்தரு ஆறாம் நாள் உபயத்துல சேர்ந்திருக்காரு, மத்தவங்க யாரும் அசையாம அந்தப் பேர மட்டும் நடுவுல நுழைச்சிருங்க, இந்தா, இப்பத்தான் அனுப்பியிருக்காங்க பாருங்க” என்று தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

போனில் பெயர் இருந்தது. பெயருக்கு மேலே நேரம் இருந்தது, இன்றைய நேரம், பிந்தவுமில்லை, முந்தவுமில்லை. பிரியந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போனும் காலடியில் பைக்குள் கிடக்கிறது, அதே ஈமெயில் அதிலும் இருக்கிறது, கட்டைவிரலால் நாலு தட்டுத் தட்டினால் போய்விடும், காலை ரயிலில் அனுப்பியிருக்கலாம், பகல் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டு அனுப்பியிருக்கலாம், இந்த நிமிஷமும் அனுப்பலாம், எந்த மெஷினைக் கேட்க வேண்டும்? நானா மறிக்கவில்லை, அம்மா மறிக்கவில்லை, இந்தச் சனியனும்கூட மறிக்கவில்லை… அப்படியானால் காலையிலிருந்து எதன் அனுமதிக்காக உட்கார்ந்திருந்தேன்? பை காலில் இடித்துக்கொண்டிருந்தது, குனிந்தால் எடுத்துவிடலாம். “பேர ஒருக்கா வாசிங்கண்ணே” என்றாள், அவர் வாசிக்கத் தொடங்கியதும் தன் நெஞ்சுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருப்பது பயமில்லை, நிம்மதி என்று தெரிந்து, பைக்குக் குனியாமல், விரல்களை விசைப்பலகையில் வைத்தபடி அப்படியே இருந்தாள்.