நிரம்பிய கிண்ணங்கள்

சகின்பெக் கிழவரின் இடுப்பில் வந்த படுக்கைப் புண் ஆற எழுபத்தொரு நாள் ஆனது. அதைக் கெடுக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

எங்கள் மலையூர் அட்-பாஷியில் வீடு வீடாகப் போய், எழ முடியாத முதியவர்களைக் கவனிப்பது என் வேலை. சகின்பெக்கின் அறைச் சுவரில் நான் ஒட்டிய தாளில் ஒரே ஒரு வரி: இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கவும். பக்கவாதத்தில் விழுந்த கனத்த உடம்பு. புரட்ட இரண்டு பேர் வேண்டும். மகன் ரஷ்யாவில். மருமகள் அய்ஸிரெக்தான் எல்லாம். புண் மறுபடி திறந்தால் நரின் நகர ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “அங்க அனுப்பினா நான் உயிரோட திரும்ப மாட்டேன் சைரா” என்றார் கிழவர் என்னிடம்.

அந்த வியாழக்கிழமை பத்து மணிக்குப் போனேன். வாசலில் பதினோரு ஜோடி காலணி. மூத்த மகள் கனிஷாய், நலம் விசாரிக்கவென்று தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து உறவைத் திரட்டி வந்திருந்தாள். கழற்றிய கம்பளிக் கோட்டுகளைக் கிழவர் கால்மேலேயே குவித்திருந்தார்கள். ஒவ்வொருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை நிமிஷம் நின்று, கண்ணைத் துடைத்துவிட்டு, அடுத்த அறையில் ஆட்டிறைச்சி முன் உட்கார்ந்தார்கள். கொழுப்பு வழியும் விரல்களை நக்கியபடி அவர் நோயைப் பேசினார்கள்.

தேநீர் ஊற்றுவது மருமகளின் வேலை. கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்ற வேண்டும். இருங்கள், இன்னும் தருகிறேன் என்கிற மரியாதை அது. பதினோரு பேருக்கும் மூன்றே மடக்கில் காலியாகிவிடும். அய்ஸிரெக் சமோவார் என்கிற வெந்நீர்க் கலத்தை விட்டு எழவே வழியில்லை.

ஒன்பதுக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் பக்கத்து வீட்டுக்காரர் கைகொடுக்க, அய்ஸிரெக் புரட்டியிருந்தாள். பதினொன்றுக்குப் போய் நின்றேன்.

“அய்ஸிரெக், அஞ்சு நிமிஷம் வாம்மா. மாமாவைப் புரட்டணும்.”

“டீ ஊத்துறவ எழுந்து போனா வந்தவங்க என்ன நினைப்பாங்க?” என்றாள் கனிஷாய்.

“அப்ப நீங்க வாங்க.”

“நானா? பெத்த அப்பாவ அந்தக் கோலத்துல பொண்ணு பாக்கலாமா?”

மருமகள் பார்க்கலாமாம்.

கனிஷாயின் சித்தப்பாவைப் பார்த்தேன். “எனக்கு முதுகு வலி தங்கச்சி” என்றார், எலும்பை உறிஞ்சிக்கொண்டே. “கொஞ்சம் பொறு. கறி ஆறிடும்ல?”

“ஜன்னலத் திறந்து வைடி அய்ஸிரெக்” என்றாள் கனிஷாய். “நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது. என்னத்தப் பாத்துக்கறியோ!”

நான் தனியாக முயன்றேன்; முடியவில்லை. கிழவர் முனகக்கூட இல்லை. விருந்தாளிகள் காதில் விழுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்குக் கட்டுத்துணியை மெல்ல விலக்கிப் பார்த்தேன். முந்தாநாள் காய்ந்திருந்த இளந்தோல் வெடித்து, மஞ்சள் நீர் கசிந்தது. அந்தத் துணியை அப்படியே எடுத்துப்போய் அய்ஸிரெக்கிடம் காட்டினேன்.

“சாப்பிடுற இடத்துல என்ன கண்றாவி இது!” என்று கனிஷாய் அலறினாள்.

அய்ஸிரெக் துணியைப் பார்த்தாள். கிண்ணங்களை வாங்கி, ஒவ்வொன்றாக விளிம்பு தளும்ப ஊற்றி, ஒவ்வொருவர் முன்னும் வைத்தாள்.

நிரம்பிய கிண்ணத்துக்கு என்ன அர்த்தமென்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்: குடித்துவிட்டுக் கிளம்பு.

“விரட்டுறியாடி?” என்றாள் கனிஷாய்.

“ஆமா அக்கா. ஆறிடறதுக்குள்ள குடிச்சிடுங்க.”

கிளம்பினார்கள். அவமானம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், மீந்த இறைச்சியைப் பையில் கட்டிக்கொள்ள மட்டும் மறக்கவில்லை.

நாங்கள் இருவருமாகப் புரட்டினோம். கால்களில் கோட்டுப் பொத்தான்களின் தடம் வட்ட வட்டமாகப் பதிந்திருந்தது. புண் நகமளவு திறந்திருந்தது. டாக்டரிடம் மறைக்கவில்லை, போனில் சொன்னேன். ஒரு வாரம் தவணை கொடுத்தார், அதற்குள் மூடாவிட்டால் நரின். சுவர்த்தாளில் அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: ‘பதினொரு மணி, ஒரு மணி: புரட்டவில்லை. காரணம், நலம் விசாரிப்பு.’

“போயிட்டாங்களா?” என்றார் கிழவர்.

“போயிட்டாங்க மாமா” என்றாள் அய்ஸிரெக்.

“எனக்கும் டீ கொண்டாம்மா.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நிரப்பிடாத.”