கொக்கி முள்

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சாமியா, பிள்ளை வீறிட்ட சத்தம் கேட்டுத் திரும்பினாள். இரண்டு வயது நஸ்ரின் கள்ளிச் சட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

சாமியா ஆசை ஆசையாக வளர்த்த கள்ளி அது. ஒற்றை உருண்டையாக வந்து, பக்கத்திலேயே குட்டி குட்டியாக விட்டுச் சட்டியை அடைத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் ஒவ்வொரு தலையிலும் ரோஸ் நிறப் பூக்கள் வளையமாக விரிந்திருந்தன. பூவைப் பிடிக்கப் போயிருக்கிறாள் பிள்ளை. முள் நுனியோ தூண்டில் மாதிரி வளைந்தது. பிள்ளை நடமாடும் வீட்டில் இது ஆகாது என்று மாமியார் ஹவ்வா உம்மாள் எத்தனையோ முறை சொல்லியும் சாமியா கேட்டதில்லை.

பிள்ளையின் கையில் ஏழெட்டு முள் மாட்டியிருந்தது. ஒன்று மட்டும் இடது கண்ணின் இமையில் ஏறியிருந்தது. பிள்ளை தலையை இழுக்க இழுக்க இமையும் கூடவே இழுபட்டது.

ஓடிவந்த ஹவ்வா உம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. உட்கார்ந்து பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் கன்னத்துக்கும் முள்ளுக்கும் நடுவே நுழைத்தார். சாமியா கீழே ஓடி நகவெட்டியோடு வந்தாள்.

"இழுத்துறாதீங்க மாமி. கொஞ்சம் முள்ளுப் பக்கமா அழுத்துனாத்தான் வெட்ட முடியும்."

"நான் அழுத்துறேன். நீ கண்ணப் பாத்து வெட்டு."

பெற்ற பிள்ளையின் முகத்தை முள்ளோடு சேர்த்து அழுத்தச் சொல்லிவிட்டு, முள்ளை வெட்டினாள். முதல் தடவை நழுவியது. அடுத்ததில் இமை விடுபட்டது. பிறகு கையில் மாட்டிய முட்களையும் வெட்டிப் பிள்ளையை விடுவித்தார்கள். முள் நுனிகள் தோலிலேயே இருக்க, ஆட்டோவில் அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

பிள்ளையோடு மாமியாரை மட்டும் உள்ளே விட்டு, சாமியாவை வெளியே இருக்கச் சொன்னார் டாக்டர். கதவோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குவைத்திலிருந்து கணவன் ஹாமித் விடாமல் போனில் கூப்பிட்டான். என்னவென்று சொல்வது? தன் கண்ணை எடுத்துக்கொண்டு பிள்ளையின் கண்ணை விட்டுவிடும்படி இறைவனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

முள் இமையோடு நின்றுவிட்டது, கண்ணுக்குப் பழுதில்லை என்று டாக்டர் வந்து சொன்னபோதுதான் அவளுக்கு அழுகையே வந்தது. உள்ளே போனாள். மாமியாரின் கையிலிருந்த பிள்ளையை வாங்கும்போது, அவர் போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் மறைத்திருந்த வலது கை தெரிந்தது. புறங்கை முழுக்க முள். சதை வீங்கிக் கிடந்தது.

"மாமி…"

"அத அப்புறம் எடுத்துக்கலாம். பிள்ளைக்குப் பசிக்கும், மொதல்ல பால் வாங்கிக் குடு."