சந்தியைத் தாண்டாத ஜீப்

தீபனுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. அண்ணன் ஜீவன் ஓட்டிப் போய் விபத்தில் இறந்த பிக்கப் வண்டியைக் கேட்டு வந்த பழைய இரும்புக்காரனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். எஸ்டேட் பாதை பெரிய சாலையில் ஏறும் சந்தியில் லோரி வந்து இடித்ததில் பிக்கப் டிரைவர் இருக்கையிலிருந்து பின்பக்கம் முழுக்க அப்பளமாக நொறுங்கியிருந்தது. எஞ்சின் இருந்த முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆள் போன பிறகும் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

அந்த எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் கழற்றி, அப்பா காலத்து ஜீப்பில் ஏற்றினான் தீபன். லேசுப்பட்ட வேலையா அது? பழைய தாங்கிகளை வெட்டி எறிந்து புதிதாக வெல்டிங் வைத்தான், ஷாஃப்டை நறுக்கிக் குட்டையாக்கினான், கியருக்காகத் தரைத் தகட்டில் ஓட்டை போட்டான். எஸ்டேட் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஜீவனின் மனைவி அன்பரசி கிளம்புவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ராவாங் டவுனில் அவளுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்திருந்தது, வாடகைக்கு அறையும் பார்த்தாயிற்று. நாலு வயது மகள் விஷாலினியைக் கூட்டிக்கொண்டு இந்த லயத்தைவிட்டுப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஜீவனின் சட்டைகள் தொங்கும் வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் பைத்தியமே பிடித்துவிடும்.

"நானே கொண்டு விடுறேன், அண்ணி. அண்ணன் எஞ்சின்லா, ஜம்முன்னு போகும்," என்றான் தீபன்.

ஜம்மென்றுதான் போனது, சந்தி வரைக்கும். அங்கே கியர் தானாகக் கழன்றுகொண்டது. எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. ரிவர்ஸ் போட்டால் மட்டும் வீட்டை நோக்கிச் சமர்த்தாகப் போனது. தீபன் எண்ணெய் பார்த்தான், கேபிளை இழுத்துக் கட்டினான். மறுநாளும் அதே இடம், அதே கதை. செம்பனை மரங்களுக்கு நடுவே கேட்ட அந்த எஞ்சின் சத்தம் அன்பரசிக்குப் பழக்கமானது. சாயங்காலங்களில் ஜீவன் வீடு திரும்பும்போது அதைக் கேட்டுத்தான் அவள் அடுப்பில் தேத்தண்ணி வைப்பாள்.

மூன்றாம் முறை நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. தினமும் வேலைக்குக் கிளம்பும் புருஷனிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அவன் சவப்பெட்டியைத் தூக்கியபோதும் சொல்லிவிட்டது: "போயிட்டு வாங்க." பக்கத்தில் நின்ற அம்சவள்ளி அத்தை பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "எழவு வீட்டுல பேசுற பேச்சாடி அது?" சாவு வீட்டுக்கு வந்தவர்களே சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்புவார்கள். இவளோ போகிறவனையே திரும்பி வரச் சொல்லியிருந்தாள்.

தீபன் இறங்கித் தள்ளிப் போய், ஃபோனில் யாரோ மெக்கானிக்கிடம் கத்திக்கொண்டிருந்தான். பின் இருக்கையில் விஷாலினி தூங்கினாள். அன்பரசி இறங்கி, ஓரமாக நின்று பானெட்டில் கை வைத்தாள். அது சூடாக நடுங்கியது.

"தெரியாம சொல்லிட்டேங்க," என்றாள். "நீங்க வரவேணாம். போங்க. எங்கள விட்டுட்டுப் போயிருங்க."

டக்கென்று கியர் விழுந்தது. ஆளில்லாமல் ஸ்டியரிங் வளைந்தது. ஜீப் சந்தியைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியது.

ஒரு கணம் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் பின் கண்ணாடி வழியே விஷாலினி எழுந்து நிற்பது தெரிந்தது. பிள்ளை அழவில்லை. காலியான டிரைவர் இருக்கையைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே லோரி ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது.

தீபன் ஃபோனைப் போட்டுவிட்டு ஓடினான். எட்டவில்லை. அன்பரசி நடுரோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஐயோ, போகாதீங்க! வாங்க! திரும்பி வந்துருங்க!"

ஜீப் சட்டென்று ஓரம் கட்டியது. லோரி அதை உரசிக்கொண்டு போனது. பிறகு அது ரிவர்ஸில், அவசரமே இல்லாமல், அன்பரசியின் பக்கத்தில் வந்து நின்றது.

அவள் கதவைத் திறந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். ஜீவனைப் போகச் சொன்னால் பிள்ளையையும் கொண்டுபோய்விடுவான், ராவாங் இனி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தீபன் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தான். அவனுக்காக அவள் காத்திருக்கவில்லை. பிள்ளையோடு முன்னால், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"வீட்டுக்குப் போலாங்க," என்றாள், காலி டிரைவர் இருக்கையைப் பார்த்து.